சால்மன் இல்லாத கடற்கரையில் மீன் ஏறும் ஆறு

கேள்வி இதுதான்: "ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சின்னச் சின்ன ஆறுகளில் சால்மன் மீன் கடலிலிருந்து ஏறி வருவதை வீடியோக்களில் பார்க்கிறோம். நம்ம இராமநாதபுரம் கடற்கரையில் அப்படி மீன் ஏறுகிற ஆறு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது எங்கே, எப்படி ஓடுகிறது, அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன?"

இருக்கிறது. வறண்ட மாவட்டம் என்று பேரெடுத்துவிட்டதால் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் சால்மன் வராது, ஆறும் வருடம் பூரா ஓடாது. இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டு மேலே படித்தால் ஏமாற்றம் இருக்காது.

சால்மனை முதலில் முடித்துவிடுகிறேன். அதற்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர், நிற்காத ஓட்டம், அடியில் கூழாங்கல். பெண் மீன் வாலால் அடித்து அடித்துக் கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடும். கல் இடுக்கில் ஊடுருவும் நீரிலுள்ள பிராணவாயுவை நம்பித்தான் அந்த முட்டைகள் குளிர்காலம் முழுக்கக் கிடக்கின்றன. குஞ்சு ஆற்றில் வளர்ந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, சில வருடம் கழித்துப் பிறந்த ஆற்றுக்கே இனம் பெருக்கத் திரும்பி வரும். நம் பக்கம் சித்திரையில் ஆற்றில் இறங்கினால் மணல் சுட்டுக் கால் பொத்துப்போகும். தமிழ்நாட்டில் சால்மனுக்குச் சொந்தக்காரன் என்றால் ட்ரவுட் ஒன்றுதான். வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்டது, அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிப்பகமும் உண்டு. அந்தக் குளிரை விட்டுக் கீழே இறங்கினால் அதுவும் பிழைக்காது.

"கடையில் இந்தியன் சால்மன் என்று போட்டு விற்கிறார்களே?" அது நம்ம காலா மீன். சால்மனுக்கும் அதற்கும் உறவே இல்லை. நெஞ்சுத் துடுப்புக்கு அடியில் நூல் மாதிரி நான்கு இழைகள் தனியாகத் தொங்கும். கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்பாமல் அந்த இழைகளால் தரையைத் தடவித்தான் இறாலையும் சின்ன மீனையும் கண்டுபிடிக்கிறது. ஆற்றுவாய்க் கலங்கல் என்றால் அதற்கு உயிர். அதனால் இந்தப் பதிலில் அதற்கு இடமுண்டு, பேரில் மட்டும்தான் கோளாறு.

சரி, ஆறுகளுக்கு வருவோம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி வரை நீளும் நிலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வது இராமேசுவரம் பக்கத்து வழக்கம். வடகடலில் பெரும்பாலும் அலையே பெரிதாக இருக்காது, ஆழமும் குறைவு. வாடை வீசும் மாதங்களில் மட்டும் அது தன் குணத்தைக் காட்டும். அப்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் கதை தலைகீழ். வைகையும் கோட்டைக்கரை ஆறும் வடகடலைப் பார்த்துப் போகின்றன, குண்டாறு தென்கடலைப் பார்த்து. எந்தக் கடலில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்து ஆற்றுவாயின் குணமே மாறிவிடுகிறது.

நீங்கள் கேட்ட "சின்ன ஆறு" என்ற அளவுக்குச் சரியாகப் பொருந்துவது கோட்டைக்கரை ஆறு. வெளியூர்க்காரர்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. சிவகங்கைச் சீமையின் மேட்டு நிலத்து மழைநீரை வாங்கிக்கொண்டு, சனவேலி, ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரம் வழியாக வந்து, தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே காரங்காடு அருகில் பாக் விரிகுடாவில் சேர்கிறது. மலையில் பிறந்த ஆறு கிடையாது. அருவி, சுனை, பாறை எதுவும் இல்லை. வழியில் இருக்கும் கண்மாய்கள்தான் இதன் ஊற்று.

இதைப் புரிந்துகொள்ளாமல் இராமநாதபுரத்து ஆறுகளைப் பற்றிப் பேசவே முடியாது. இங்கே மழை வருடத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நிலமோ தட்டை, கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. அந்த மூன்று மாதத் தண்ணீரை நிறுத்திவைக்கப் பாண்டியர் காலத்திலிருந்தே கண்மாய் வெட்டியிருக்கிறார்கள். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு, அதாவது மிச்சத் தண்ணீர் போக வைத்த வாய், வழிந்தால் மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசிக் கண்மாயும் வழிந்தால்தான் கடலுக்கு. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். ஒரே மூச்சில் நாரையால் பறந்து கடக்க முடியாத நீளம், அதில் 48 மடைகள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய கண்மாய்களில் ஒன்று. இவ்வளவு பெரிய வயிறு நிறைந்து, மிஞ்சியது கோட்டைக்கரை ஆற்றில் இறங்கினால்தான் ஆறு "ஓடுகிறது" என்று சொல்வோம். நல்ல மழை வருடத்தில் சில வாரங்கள் ஓடும். பொய்த்த வருடத்தில் ஒரு சொட்டு கடலைத் தொடாது.

அப்படியென்றால் மற்ற மாதங்களில் ஆறு என்னவாகிறது? மேல்பகுதி மணலும் சீமைக்கருவேலுமாகக் கிடக்கும். கீழ்ப்பகுதி, அதாவது கடலிலிருந்து உள்ளே சில கிலோமீட்டர், கடலுக்குச் சொந்தமாகிவிடும். ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். பாக் விரிகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வராது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் நிலம் இவ்வளவு தட்டையாக இருக்கும் இடத்தில் ஒரு சாண் தண்ணீர் உயர்ந்தாலே ஏக்கர் கணக்கில் சேறு நனைந்துவிடும். அந்த நனைந்து காயும் சேற்றில்தான் காரங்காட்டின் சுரபுன்னைக் காடு நிற்கிறது. பாடப்புத்தகத்தில் அலையாத்திக் காடு என்று படித்திருப்பீர்கள்.

அங்கே படகில் போனால் ஒன்று செய்து பாருங்கள். கைக்கு எட்டும் இலையைத் திருப்பிப் பார்க்காமல், மேல்பக்கத்தையே நாக்கால் தொடுங்கள். கரிக்கும். வெயிலேறிய பிறகு பார்த்தால் இலைமேல் உப்புப் பொடி மினுங்குவது கண்ணுக்கே தெரியும். வேர் வழியாக உள்ளே போன உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. அடியில் சேற்றைப் பார்த்தால் பென்சில் பருமனில் ஆயிரக்கணக்கான குச்சிகள் செங்குத்தாக நிற்கும். அவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. அந்தக் குச்சிகளுக்கு நடுவே, ஒரு கை மட்டும் உடம்பளவுக்குப் பெருத்த சின்ன நண்டுகள் அந்தக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆண் நண்டுகள்தான் அப்படி. படகு நிழல் விழுந்த மறுநொடி ஒன்றுகூட வெளியே இருக்காது. கொஞ்சம் பொறுத்தால் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

இனி மீன். நீங்கள் கேட்டதன் மையம் இதுதான், இங்கேதான் சால்மன் கதை அப்படியே புரண்டுகொள்கிறது. சால்மன் இனம் பெருக்க ஆற்றில் ஏறுகிறது, வளரக் கடலுக்குப் போகிறது. நம் மீன்களில் முக்கியமானவை எல்லாம் கடலில் இனம் பெருக்கி, வளர ஆற்றுக்குள் ஏறுகின்றன. பெரிய மீன் தாவி ஏறும் காட்சியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஏறுவது விரல் நகமளவு குஞ்சு.

மடவையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் மீன் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் ஒதுங்கி, ஆற்றுவாய் கிடைத்தால் உள்ளே நுழையும். ஏற்றத்தின்போது கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றால் காலைச் சுற்றி வெள்ளிப் பொடியாக ஓடும். சேற்றுமேல் படரும் பாசியையும் மக்கிய இலைத்தூளையும் மேய்ந்தே வளரும், மாமிசத்துக்கு அலையாது. அதனால்தான் தூண்டிலில் மடவை அவ்வளவு எளிதில் சிக்காது, வீச்சுவலைதான் அதற்கு. வலை விழுமுன் தண்ணீரை விட்டு மேலே துள்ளித் தப்பும். கொஞ்சம் பெரிதானதும் திரும்பவும் கடலுக்கு.

பால்மீனும் அப்படியே. கோடைத் தொடக்கத்தில் மண்டபம், பாம்பன் பக்கத்து உப்பங்கழிகளில் இதன் குஞ்சு வந்து சேரும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய காலத்திலேயே இந்தக் குஞ்சுகளைப் பிடித்துக் குட்டையில் விட்டு வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். முள் அதிகம் என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அதுதான் தேசிய மீன் கணக்கு.

கொடுவாதான் இந்த ஆற்றுவாயின் ராஜா. மீனவர்களிடம் கேட்டால் காலாவைச் சொல்பவர்களும் இருப்பார்கள், என் ஓட்டு கொடுவாய்க்கே. உப்பு நீரில் பொரிந்து, கழிமுகத்துக்குள் ஏறி, வழி கிடைத்தால் நன்னீர் வரை போய் வளரும். முதல் சில வருடம் ஆணாக இருக்கும். பிறகு பெண்ணாக மாறிவிடும். ஆகவே பத்துக் கிலோ கொடுவா ஒன்றைத் தூக்கிக்கொண்டு யாராவது படம் எடுத்துப் போட்டால், பெரும்பாலும் அது முட்டையிடும் வயதுப் பெண் மீன் என்று புரிந்துகொள்ளலாம். ஒரு பெண் மீன் ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டையிடும். அளவு பெரிதாகப் பெரிதாக முட்டையும் கூடும். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடும் தம்பிகள் பெரியதை விட்டுவிட்டு நடுத்தரத்தை எடுத்துக்கொண்டு போனால் ஆற்றுக்கு நல்லது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

களி நண்டும் இதே கணக்குதான். சேற்றில் வளை போட்டு வளரும். முட்டை சுமக்கும் பெண் நண்டு மட்டும் வளையை விட்டுக் கடலுக்குப் போய்க் குஞ்சுகளை விட்டுவரும். வளைக்குள் நுனி வளைந்த கம்பியைச் செருகி நண்டு பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கம்பியை இழுப்பதில்லை. உள்ளே நண்டு கம்பியைக் கவ்வும் சத்தம் வரும்வரை மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பிறகு அது பிடித்த பிடியோடு பையப் பைய வெளியே கொண்டுவருவார்கள். அவசரப்பட்டால் கொடுக்கு முறிந்துவிடும், கொடுக்கு போன நண்டுக்குப் பாதி விலைதான். பிடித்ததும் இரண்டு கொடுக்கையும் மடக்கிக் கயிற்றால் கட்டுவதைப் பார்க்கவேண்டும். அதில் ஒரு விரல் தப்பாகப் போனால் அன்றைய வேலை முடிந்தது.

வெள்ளை இறாலைச் சொல்லாவிட்டால் கடற்கரையில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். கடலில் பொரிந்து, ஒரு சென்டிமீட்டர் அளவில் கழிமுகத்துக்குள் வந்து, சில மாதம் சேற்றில் தின்று வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். கடலில் வலைபோட்டு நாம் எடுக்கும் இறாலில் பெரும்பங்கு ஏதோ ஒரு கழிமுகத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்ததுதான். அப்புறம் விலாங்கு. அது இன்னும் தூரம் போகும். ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி நூல் போன்ற குஞ்சாகக் கரைக்கு வந்து, ஆறு, வாய்க்கால், கலுங்கு என்று ஏறிக் கண்மாய் வரை போய்விடும். பல வருடம் அங்கேயே சேற்றில் கிடந்துவிட்டு, முட்டையிடும் காலம் வந்ததும் ஒரு வெள்ளத்தில் கடலுக்கு இறங்கும். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தா என்ற மூங்கில் கூடையோடு இறங்கும் மீன்பிடித் திருவிழாவில் விரால், கெளுத்தி, கெண்டையோடு வழுக்கிக்கொண்டு ஒரு விலாங்கும் வந்தால், அது கடலில் பிறந்த மீன் என்று அங்கே நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது ஒன்றை யோசியுங்கள். இந்த மீன்கள் அத்தனைக்கும் தேவை ஒரு வழி. அந்த வழி முழுதாகத் திறப்பது எப்போது? மறுகால் தண்ணீர் கடலைத் தொடும் அந்தச் சில வாரங்களில். காற்றும் நீரோட்டமும் மணலைக் கொண்டுவந்து ஆற்றுவாயில் திட்டு போடும். தென்கடல் பக்கத்து ஆறுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். வாய் அடைந்துவிட்டால் உள்ளே இருப்பது குட்டை. வெயிலில் ஆவியாகி ஆவியாகி, கடலைவிட உப்பாகிவிடும். மழைநீர் வேகமாக இறங்கினால்தான் அந்த மணல் திட்டு உடையும். உப்பு குறையும், வண்டல் வரும், சுரபுன்னை விதை வேரூன்றும், குஞ்சு உள்ளே ஏறும், வளர்ந்தது வெளியே போகும்.

இதனால்தான் ஒவ்வொரு ஐப்பசியிலும் "வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீர்" என்ற தலைப்பைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. குடிதண்ணீரே காவிரியிலிருந்து குழாயில் வரவேண்டிய மாவட்டம் இது. ஒரு குடத்துக்காகத் தள்ளுவண்டியோடு மைல்கணக்கில் போனவர்களிடம் போய்க் கடலுக்குத் தண்ணீர் விடுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கண்மாயைத் தூர்வாருங்கள், நிரப்புங்கள், மடையைச் சரிசெய்யுங்கள், எல்லாம் நியாயம். கண்மாய்கள் நிறைந்த பிறகு கலுங்கு வழிந்து போவதையும் மறித்துக் கடைக்கோடியில் ஒரு தடுப்பணை, அதற்குக் கீழே இன்னொன்று என்று கட்டிக்கொண்டே போவதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். அந்தக் கடைசித் தண்ணீரில் விவசாயம் பெரிதாக நடப்பதில்லை. ஆனால் அது போகாத வருடத்துக்கு அடுத்த பருவத்தில், கரையோரத்தில் வத்தை என்னும் சின்னப் படகும் வீச்சுவலையும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும், இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும்தான் முதலில் அடி விழும். விசைப்படகுக்காரர்களாவது தூரம் போவார்கள், இவர்களுக்குப் போக வேறு கடல் கிடையாது. கண்மாய் கட்டிய பழைய ஆட்கள் கலுங்கை வைத்ததே மிச்சத்தை விடுவதற்குத்தான்.

ஆற்றுவாயைத் தாண்டி வெளியே போனால் கடல்தாழை மேடுகள். பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள், வெளிச்சம் அடிவரை போகும். அதனால் கடலடியில் புல்வெளி மாதிரி தாழை வளர்கிறது. ஓரா மீன் அதை மேயும். கடல்குதிரை வாலால் ஒரு தாளைச் சுற்றிக்கொண்டு நிற்கும். கடல் அட்டை மணலைத் தின்று மணலையே கழிக்கும். அட்டையும் கடல்குதிரையும் 2001 முதல் பிடிக்கத் தடை செய்யப்பட்டவை, இருந்தும் கடத்தல் செய்தி வராத மாதமில்லை. இந்தத் தாழையை நம்பித்தான் கடல் பசு இருக்கிறது. பழைய மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடல் பசுவுக்கென்று நாட்டிலேயே முதல் காப்பகம் 2022 இல் அறிவிக்கப்பட்டது இந்தப் பாக் விரிகுடாவில்தான், 448 சதுர கிலோமீட்டர். ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டியது. நம் மாவட்டக் கரையில் அந்த எல்லை வராது. தாழை மட்டும் எல்லை பார்க்காமல் தெற்கேயும் படர்ந்திருக்கிறது, அவ்வப்போது ஆவுளியாவும் வரும். வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து உயிரோடு விட்டுவிடும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு. வலை அறுந்தால் நட்டம் மீனவருக்குத்தானே.

பறவைகளைப் பற்றி எழுதினால் தனிப் பதிலாகிவிடும், சுருக்கமாகச் சொல்கிறேன். கண்மாயில் கூடு, கழிமுகத்தில் இரை: இராமநாதபுரத்துப் பறவை வாழ்க்கை இந்த ஒரு வரியில் அடங்கும். கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன் எல்லாம் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022 இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025 இல். கழிமுகச் சேற்றிலோ வேறு கூட்டம். ஐப்பசி முதல் பங்குனி வரை பவளக்காலி, பலவகை உள்ளான், ஆலா. இவற்றில் எனக்குப் பிடித்தது கொசு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான். ஆர்க்டிக் ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, தையல் மெஷின் ஊசி போல மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டே நகரும். பூநாரை பார்க்க ஆசையிருந்தால் தனுஷ்கோடிக்குப் போங்கள், 2025 இல் அங்கே பூநாரைக்கென்றே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். மேலே செம்பருந்து எப்போதும் வட்டமிடும்.

கரையோரத்து மரம் என்றால் பனையும் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரமும்தான் இந்த மண்ணின் அடையாளம். இப்போது கண்ணை நிறைப்பது சீமைக்கருவேல். ஆற்றின் மேல்பகுதியில் வழி தெரியாமல் அடைத்துக்கொண்டு, வெள்ளம் வந்தால் தண்ணீர் போகவிடாமல் மறிக்கிறது. 2017 இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது ஊரெல்லாம் ஜேசிபி இறங்கியது நினைவிருக்கும். வெட்டிய இடத்தில் மறு மழைக்கே துளிர்த்துவிட்டது. தூரோடு எடுக்காமல் மேலே வெட்டினால் அதற்குக் கவாத்து செய்த மாதிரிதான். அதேசமயம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும், அதில் கூடு கட்டும் பறவைகளும் உண்டு என்பதால், கண்ணை மூடிக்கொண்டு அழி என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றுப் படுகையில் மட்டும் அதற்கு வேலையில்லை. மணல் அள்ளுவதும், கழிமுகத்தை ஒட்டிய இறால் பண்ணைகள் குட்டைத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிடுவதும் இதைவிடப் பெரிய தொல்லை.

மற்ற இரண்டு ஆறுகளையும் சொல்லிவிடுகிறேன். வைகை வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வருகிறது. மதுரைக்குக் கீழே மடைமடையாகப் பிரித்துக்கொண்டது போக மிச்சம் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வரும். அது நிறைந்தால் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலில் சேரும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேர மாட்டேன் என்று வைகை கோபித்துக்கொண்டதாகப் பழைய புலவர் கற்பனை ஒன்று உண்டு. கண்மாய்களின் வேலையைத்தான் அந்தப் புலவர் அழகாக மறைத்துச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றுவாய்க்குச் சற்று உள்ளே இருக்கும் அழகன்குளத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1980களிலிருந்து தோண்டி, ரோம நாட்டுப் பானை ஓடுகளும் காசுகளும் கப்பல் கீறிய ஓடும் எடுத்திருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கலம் வந்து நின்ற துறை. இன்று அங்கே வத்தைதான் நுழையும்.

குண்டாறு கமுதி வழியாக வந்து மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அங்கே மணல் வாய், தெளிந்த நீர், பக்கத்தில் பவளப்பாறைத் தீவுகள். கிழங்கான் மீனுக்குப் பேர்போன மணல் அது. சேற்று உயிர்களைத் தேடுபவர்களுக்குக் கோட்டைக்கரையே மேல்.

நேரில் பார்க்க வேண்டுமானால் கார்த்திகை கடைசியிலிருந்து மாசிக்குள் வாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் வழியில் காரங்காட்டுக்குப் பிரியலாம். வனத்துறை ஏற்பாட்டில் ஊர்க்காரர்களே படகு ஓட்டுகிறார்கள், முன்கூட்டிச் சொன்னால் பெண்கள் குழு சமைத்த கடல் சாப்பாடும் கிடைக்கும். காலை ஏழு மணிக்குள் படகு ஏறிவிடுங்கள், வெயிலேறினால் பறவை ஒதுங்கிவிடும். தண்ணீர் வற்றும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டால் சேறு வெளியே தெரியும், உள்ளானும் நண்டும் பக்கத்தில் பார்க்கலாம். காட்டுக்குள் தூண்டில் போட அனுமதி கிடையாது. கொடுவாயோ காலாவோ சாப்பிடத்தான் ஆசை என்றால் திரும்பும் வழியில் ஏலக்கூடத்தில் கேளுங்கள். காலா கிடைத்தால் குழம்பு வைக்காதீர்கள், மிளகு தடவி வறுப்பதுதான் அதற்குச் சரி.